கீசர் மாட்டும் தம்பிகளே, அந்த வால்வை அடைக்காதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கீசர் வேலை குவியும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு, எர்த் இல்லாமல் மாட்டக் கூடாது, 2 கிலோவாட் கீசரை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது என்பதெல்லாம் தெரியும். நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை வீட்டுக்கு வீடு நான் பார்ப்பது வேறு தவறுகளை.

சொட்டுகிற வால்வை அடைப்பது

"அண்ணே, கீசருக்கடியில சொட்டிக்கிட்டே கெடக்கு. எண்ட் பிளக் போட்டு அடைச்சிரட்டா?" போனில் இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கேட்கிறவனாவது பரவாயில்லை, கேட்காமலே அடைக்கிறவர்கள்தான் அதிகம்.

மக்கா, அது ஒழுக்கு இல்லை. அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வு அது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய கால் லிட்டர் பெருகும். வந்த வழியே திரும்ப நான்-ரிட்டர்ன் வால்வு விடாது. சுடுதண்ணிக் குழாயும் மூடியிருக்கும். பெருகியது வெளியேற அந்தச் சின்னத் துவாரம் மட்டும்தான் வழி. அதை அடைத்தால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் தொட்டி விம்மும். உள்பூச்சு விரிசல் விடும், வெல்டிங் வழியே துரு ஏறும். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகிற நாளில் தொட்டி வெடிக்கும், உயிரே போகலாம்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் டெஃப்லான் டேப் சுற்றிக் கச்சிதமாக அடைத்திருந்தார்கள். தொட்டியின் அடிப்பாகம் புடைத்து, வெல்டிங் விட்டு, துருத்தண்ணி சுவரெல்லாம் இறங்கியிருந்தது. "சுவரு நனையுதுன்னு சொன்னேன், அந்தப் பய நல்லாத்தானே அடைச்சுத் தந்தான்" என்றார் அந்த வீட்டு அம்மா. புதுக் கீசர் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. வால்வு வாயில் சின்ன டியூப் மாட்டி, மடங்காமல் கீழ்நோக்கி, தரையில் தண்ணீர் போகும் துளைவரை இறக்கி, முனையைத் திறந்தே விட்டிருந்தால் போதும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் அது வேறு கதை. லிவரைத் தூக்கி மண்துகளைக் கழுவி விடுங்கள். பிரஷர் பம்பு உள்ள வீடென்றால் அழுத்தத்தை அளந்து பாருங்கள், கூடுதலாக இருந்தால் குறைக்கும் வால்வு போட வேண்டும்.

மொட்டைமாடிச் சோலார் தொட்டியின் ஏர் வென்ட் குழாயை மூடுவதும் இதே குற்றம்தான். தண்ணீர் இறங்கும்போது காற்று புக வழியில்லாமல் தொட்டி உள்ளே நசுங்கிவிடும்.

ஆனோடு கம்பியை மறப்பது

முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கரையோரத்தில் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால், தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசியக் கம்பி சீக்கிரம் தீரும். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைப்பது

60 டிகிரி போதும். அதுவே தோலைப் பொசுக்கும், பச்சைத்தண்ணி கலக்காமல் பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூடாது.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவது

கூடவே கூடாது. கேஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

சோலாருக்குப் பகலில் காயில் போடுவது

மழை மூட்டம் பார்த்துக் காலையிலேயே, சோலார் தொட்டியைக் கரண்டில் சூடாக்கும் காயிலின் சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். மதியம் வெயில் அடித்தால், அது சும்மா சூடாக்கித் தந்திருக்கும் தண்ணீருக்குக் கரண்ட் காசு போயிருக்கும். சாயங்காலம் குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்து, சூடு போதாவிட்டால் மட்டும் போடச் சொல்லுங்கள்.