ஸ்லிப்பர் ஆர்கிட்ல ஆரஞ்சும் மஞ்சளும் எடுக்கணும்னா: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துல இருந்து சொல்லுதேன்

மக்கா, ஸ்லிப்பர் ஆர்கிட்னா முன்னால செருப்பு மாதிரி ஒரு பை உள்ள ஆர்கிட். அதுல ஆரஞ்சு பூ வேணும்னு ஆசப்பட்டு கையில கெடைச்ச ரெண்டு செடிய கிராஸ் போட்டுட்டு நாலு வருஷம் காத்துக் கெடந்து கடசில வெளிறின ரோஸ் கலர் பாத்தவங்க நெறைய பேரு இருக்காங்க, நானும் ஒரு ட்ரே முழுக்க அப்படி வளத்தவன்தான். அதனால மொதல்ல நிறத்தப் பத்தி பேசிட்டு கை வேலைக்கு அப்புறமா வருதேன்.

இந்தப் பூக்கள்ல நாம பாக்குற ஆரஞ்சு ரெண்டு அடுக்கு. அடியில கரோட்டினாய்டு மஞ்சள், மேல ஆந்தோசயனின் செவப்பு. மேல உள்ளது கட்டியா விழுந்தா ரத்தச் செவப்பு, லேசா விழுந்தா ஆரஞ்சு, ஒண்ணுமே இல்லேன்னா மஞ்சள். அடியில மஞ்சளே இல்லாம செவப்பு மட்டும் நின்னா அதுதான் ரோஸ். வெள்ளையடிச்ச சொவர்ல காவி பூசுறதும் மஞ்சள் அடிச்ச சொவர்ல காவி பூசுறதும் ஒண்ணா இருக்குமா? அதே கணக்குதான். அப்போ ஆரஞ்சு தேடுறவங்க செவப்பத் தேடி ஓடக்கூடாது, அடி மஞ்சள் எந்தச் செடியில கனமா இருக்குன்னு பாத்து அத விடாம பிடிச்சுக்கிடணும்.

இந்த மஞ்சளும் செவப்பும் சேந்து இருக்குற செடின்னா ஃபிராக்மிபீடியம்ங்குற (சுருக்கமா ஃபிராக்) ஸ்லிப்பர் வகையில உள்ள பெஸ்ஸே. 1981ல பெரு நாட்டுல லிபி பெஸ்ஸேங்குற அம்மா கண்டுபிடிச்சது, அதுக்கு முன்னாடி ஃபிராக் பூன்னா பச்சை, பழுப்பு, ரோஸ் அவ்ளோதான். பெஸ்ஸேயில ஃபிளேவம்னு ஒரு மஞ்சள் வகையும் உண்டு, அதுல மேல உள்ள செவப்பு மட்டும் விட்டுப்போச்சு, அடி மஞ்சள் அப்படியே இருக்கு. ஜோடி சேக்குறதுக்கு லாங்கிஃபோலியம்னு இன்னொரு ஃபிராக் கொள்ளாம், பெஸ்ஸேயும் லாங்கிஃபோலியமும் சேந்ததுதான் எரிக் யங், 1991ல பதிவானது, நல்ல ஆரஞ்சு சால்மன் கலர் வரும், செடியும் முரடு. அதே பெஸ்ஸேய ஸ்லிமியைகூட சேத்தா ஹான்னே போபோ, அதுல ரோஸும் பவளமும் கலந்து வரும், ஏன்னா ஸ்லிமியை வெள்ளச் சொவரு. கோவாச்சியை பூ பெருசா இருக்கேன்னு ஆசப்படாதீங்க, அது நிறத்த மஜெந்தா பக்கமா இழுத்துட்டுப் போயிரும்.

பாஃபியோபெடிலம்ங்குற (சுருக்கமா பாஃப்) இன்னொரு ஸ்லிப்பர் வகையிலயும் இதே பாடம்தான். ஆர்மேனியாகம் தங்க மஞ்சள், அத ரோஸ் நிற டெலனாட்டியைகூட சேத்து வந்த ஹைப்ரிட்டுக்குப் பேரே ஆர்மேனி ஒயிட், மஞ்சள் எங்க போச்சுன்னே தெரியாது. ஆனா அதே ஆர்மேனியாகம் பிரிமுலினம்கூட சேந்தா கோல்ட்டாலர், மஞ்சள் நிக்கும். நம்ம சூட்டுக்கு பிரிமுலினம்தான் தோது, சுமத்ராவுல உள்ளது, ஒரே தண்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணா மாசக்கணக்கா பூக்கும். ஒண்ணு நெனப்புல வைங்க, ஆர்மேனியாகத்துக்கு குரோமோசோம் 26, பிரிமுலினத்துக்கு 32. இப்படி கணக்கு ஒக்காத ஜோடியோட பிள்ளைய அடுத்த தலைமுறைக்கு அப்பன் ஆத்தாவா வெச்சா விதை ரொம்பக் கம்மியாத்தான் பிடிக்கும்.

இங்க ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். நம்ம மலைக்கே சொந்தமா ஒரு மஞ்சள் ஸ்லிப்பர் இருக்கு, பாஃபியோபெடிலம் ட்ரூரியை, அகஸ்தியமலைப் பக்கத்துல மட்டும்தான் காட்டுல உண்டு, மஞ்சள் இதழ்ல நடுவுல பழுப்புக் கோடு. ஆளுங்க தோண்டித் தோண்டியே அழிவு நிலைக்கு வந்துட்டு. பேச்சிப்பாறை மேல இருந்து கொண்டு தாரேன்னு யாராவது சொன்னா வாங்கவே வாங்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துலயே பாஃப் பட்டியல்ல இருக்கு, வளக்கவே லைசென்ஸ் விவகாரம் உண்டு, நர்சரில பெருக்கின பாஃப் வாங்குறதுக்கு முன்னாடியும் வனத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்குங்க. அதனாலதான் நான் ஃபிராக்ல நிக்குதேன்.

சூட்டுக்கு என்ன வழி? பெஸ்ஸே மேகம் மூடுற மலையில வளர்றது, நம்ம ஊர்ல ஏப்ரல் ராத்திரிய அது தாங்காது. அதுக்காக விட்டுர வேண்டாம், செடி ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ கூட்டுக்காரன்கிட்ட இருந்தா போதும், போலன் (மகரந்தம்) மட்டும் வந்தா போதும். எரிக் யங் மாதிரி லாங்கிஃபோலியம் ரத்தம் உள்ள முரட்டுச் செடிய இங்க தாயா வைங்க. போலன பட்டர் பேப்பர்ல மடிச்சு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட சின்ன டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல (ஃப்ரீசர்ல இல்ல) வெச்சா வாரக்கணக்கா தாங்கும்.

இனி கை வேலை. பூ விரிஞ்சு ரெண்டாவது மூணாவது நாள் செய்யணும், ஃபிராக் பூ வாடாமலே முழுசா பொத்துன்னு விழுந்துரும், தள்ளிப் போட்டா போச்சு. மொதல்ல முன்னால உள்ள பைய சின்ன கத்திரியால வெட்டி எடுத்துருங்க. நான் மொத தடவ வெட்டுனப்போ பக்கத்து வீட்டு அக்கா பதறிட்டாங்க, "எலே மக்களே, இத்தன நாள் காத்திருந்து பூத்த பூவ இப்படி அறுக்குதியே"ன்னு. அறுத்தாத்தான் அக்கா உள்ள தெரியும்னு காட்டிக் குடுத்தேன். நடுவுல கேடயம் மாதிரி ஒரு தகடு இருக்கும், அதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் மஞ்சளா ரெண்டு சின்ன உருண்டை, அதுதான் போலன், பல்குத்தி முனைய வெச்சாலே சக்கப் பிசின் மாதிரி ஒட்டிட்டு வரும். தாய்ப் பூவோட சொந்த போலன மொதல்ல எடுத்துருங்க, இல்லேன்னா தன்னோடயே சேந்துரும். அப்புறம் பூவ லேசா நிமித்திப் பாத்தா அந்தத் தகடுக்கு அடியில கீழ்ப் பாத்து ஒரு மேடு தெரியும், அதுதான் சூல்முடி, அதுல கொண்டு வந்த போலன வழிச்சுத் தேய்ங்க. அவ்ளோதான், அரை நிமிஷ வேலை.

லேபிள் அப்பவே கட்டிருங்க, தாய் பேரு மொதல்ல, தந்தை பேரு ரெண்டாவது, தேதி. பென்சில்ல எழுதுங்க. ஒரு ஐப்பசி மழையில மார்க்கர் பேனா எழுத்து முழுக்க அழிஞ்சு ஒம்பது காய் எதுக்கு எதுன்னு தெரியாமப் போச்சு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரல.

காய் பிடிச்சா பூ போனாலும் தண்டு பச்சையா நின்னு மெதுவா தடிக்கும், மூணு வாரத்துல மஞ்சளாகி உதிந்தா பிடிக்கலன்னு அர்த்தம். பெஸ்ஸே வம்சத்துக்கு மூணு நாலு மாசத்துல காய் முத்தும், பாஃபுக்கு அரை வருஷத்துக்கு மேலயே ஆகும். மழை நேரடியா விழாம மேல ஷீட் போடுங்க, வெடிக்குறதுக்கு முன்னாடி எடுத்துருங்க. விதை தூசி மாதிரி இருக்கும், உள்ள சாப்பாடே கெடையாது, அதனால மண்ணுல போட்டா முளைக்காது, பிளாஸ்க்லதான் (கிருமி இல்லாத சத்துக் கூழ், அதாவது மீடியம், உள்ள மூடின குப்பி) போடணும். வாழை டிஷ்யூ கல்ச்சர் செய்யுற லேப்ல கேட்டுப் பாருங்க, வீட்டுல செய்யுறதுன்னா மீடியத்த பிரஷர் குக்கர்ல இருபது நிமிஷத்துக்குக் கொறையாம வேக வெச்சு, விதைய நீத்த பிளீச்சுல கழுவி, காத்தாடாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள போடணும். ஸ்லிப்பருக்கு உப்பு கொறஞ்ச மீடியம் போதும்.

பிளாஸ்க்ல இருந்து எடுத்ததும் நாற்றுக்கு நம்ம மழைத் தண்ணிதான் அமிர்தம். கடலோர போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 100க்கு கீழ இருக்கணும், உப்பு ஏறினா இலை நுனி கருகும். சிரட்டைக்கரி, கதம்பை (தேங்காத் தொண்டு) துண்டு, கொஞ்சம் பெர்லைட் போட்டு நான் வளக்குதேன். கதம்பை வாங்கும்போது காயல்ல ஊறப்போட்டத வாங்காதீங்க, பச்சத் தொண்ட வெட்டி மழத்தண்ணியில பல தடவ ஊறவெச்சுக் கொட்டணும். ஃபிராக்குக்கு தட்டுல ஒரு இஞ்சு தண்ணி எப்பவும் நிக்கலாம், பாஃபுக்கு அப்படி நிறுத்தினா வேர் அழுகிரும்.

மொதப் பூ வந்ததும் தூக்கிப் போட்டுராதீங்க. சூட்டுல ஆந்தோசயனின் கொறையும், ஏப்ரல்ல வெளிறின மஞ்சளா நின்ன அதே செடி மார்கழிக் குளுர்ல ஆரஞ்சா பூக்கும். ரெண்டு சீசன் பாருங்க. நான் தோவாளை சந்தையில இருந்து மஞ்சள் கேந்தி (செண்டுமல்லி) ஒண்ணு, ஆரஞ்சு கேந்தி ஒண்ணு வாங்கி பூவுக்கு ரெண்டு பக்கமும் வெச்சு காலை வெளிச்சத்துல போட்டோ எடுப்பேன். போன் கேமரா நிறத்த மாத்தினாலும் கேந்திய பாத்தா எவ்ளோ மாத்திருக்குன்னு தெரிஞ்சுரும்.

சுத்த மஞ்சள் வேணும்னா இன்னும் ஒரு தலைமுறை ஆகும். ஃபிளேவத்த லாங்கிஃபோலியத்துல போட்டா பிள்ளைகள்ல செவப்புச் சாயம் திரும்பி வந்துரும், ஃபிளேவம் குணம் உள்ள ஒளிஞ்சு நிக்கும். அந்த அண்ணன் தங்கச்சிகளுக்குள்ளயே கிராஸ் போட்டாத்தான் கணக்குப்படி நாலுல ஒண்ணு செவப்பு இல்லாம வரும், அதுலயும் அடி மஞ்சள் கனமா உள்ளது சிலதுதான், அதனால பத்து நாற்றோட நிறுத்தாம முடிஞ்ச அளவு கூட வளருங்க. இல்லேன்னா மறுபடியும் ஃபிளேவத்தையே போட்டா கணக்குப்படி பாதி மஞ்சள், ஆனா பெஸ்ஸே ரத்தம் கூடிரும், நம்ம சூட்ட தாங்குறது கொறையும். நான் அண்ணன் தங்கச்சி வழியத்தான் பிடிச்சிருக்கேன், ரெண்டு பிளாஸ்க் இப்போ பச்சை கட்டி நிக்கு.