பின்பக்க ஃபாக் லாம்ப்: டெயில் லாம்ப் ஒயரைத் தொடாதீர்கள்

ஆடி மாதம் நீலகிரியில் கேத்தி, லவ்டேல் பக்கம் பட்டப்பகலிலேயே முன்னால் போகும் பஸ் தெரியாது. பின்பக்க ஃபாக் லாம்ப் மாட்டச் சொல்லி வண்டிகள் வரிசையாக வரும் நேரம் அது. புதிதாக ஒயரிங் பழகுகிறவர்கள் வருஷாவருஷம் அதே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் வேலை பார்ப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடலாம்.

டெயில் லாம்ப் ஒயரில் லைன் எடுப்பது

டிக்கி ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அந்த ஒயரைச் சுரண்டி டேப் சுற்றிவிடுகிறார்கள். டெயில் பல்ப் 5 வாட். ஃபாக் பல்ப் 21 வாட்; 12 வோல்ட்டில் ஒன்றுக்கே 1.75 ஆம்பியர். குளிர்ந்த ஃபிலமென்ட் பற்றும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். பழைய ஜீப் என்றால் ஃபியூஸோடு போகும். கம்ப்யூட்டர் (கன்ட்ரோல் யூனிட்) வழியாக விளக்குகளை இயக்கும் புது வண்டியில், சுமை கூடியதும் அந்த லைனையே அது துண்டிக்கலாம். மூடுபனிக்காக விளக்கு மாட்டி, உள்ள டெயில் லாம்ப்பும் அணைந்த வண்டி கல்லட்டி கொண்டை ஊசி வளைவில் நிற்கும்! அந்தக் கன்ட்ரோல் யூனிட் கெட்டால் செலவு விளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. இதற்கெல்லாம் மிச்சம் பிடித்தது ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தில் இயங்கிப் பெரிய சுமையை இணைக்கும் ஸ்விட்ச்.

சரியான வழி: பேட்டரி பாசிட்டிவிலிருந்து, டெர்மினலுக்கு ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 1 சதுர மி.மீ. ஒயர் ரிலேயின் 30 என்ற எண் போட்ட பின்னுக்கு. 87-லிருந்து விளக்குக்கு. 85 எர்த். 86-க்கு ஹெட்லைட்டின் லோ பீம் ஒயரிலிருந்து ஃபாக் ஸ்விட்ச் வழியாக லைன். ரிலேயின் காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான். ஹெட்லைட் அணைந்தால் ஃபாக் லாம்ப்பும் தானே அணையும்.

லைன் எடுக்குமுன் மல்டிமீட்டர் வையுங்கள். ஹெட்லைட் அணைந்திருக்கும்போது லோ பீம் ஒயர் 12 வோல்ட் காட்டி, போட்டதும் பூஜ்யமானால், அந்த வண்டியில் ஹெட்லைட் ஸ்விட்ச் எர்த் பக்கம். அப்போது 86-க்கு ஃபியூஸ் தாண்டிய பாசிட்டிவை ஃபாக் ஸ்விட்ச் வழியாகக் கொடுத்து, 85-ஐ லோ பீம் ஒயரில் சேர்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டினால் விளக்கு தலைகீழாக வேலை செய்யும், இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும்.

பெயின்ட் மேல் எர்த்

சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு, போல்ட் முறுக்கி, கிரீஸ் தடவுங்கள். மலை ஈரத்தில் எர்த் துருப்பிடித்தால் மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்பும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும்.

பிரேக் லைட்டை ஒட்டி மாட்டுவது

ஐரோப்பிய விதி 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கேட்கிறது. ஒரே விளக்கு என்றால் நம் ஊரில் வலது பக்கம்.

ரெட்டை ஃபிலமென்ட் பல்ப்

ஒற்றை ஃபிலமென்ட் பல்ப்புக்கான ஹோல்டரில் அதைத் திணிக்காதீர்கள்.

மூடுபனி விலகியும் அணைக்காதது

டேஷ்போர்டில் மஞ்சள் பைலட் விளக்கு வையுங்கள், மறதி குறையும். மூடுபனியில் ஹசார்டு (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு ஓட்டுகிறவர்களுக்குப் பைலட் விளக்கு உதவாது. வளைவில் இவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.