உள்ளிருந்து ஒளிரும் அட்டைப் பேராலயம்: கிறிஸ்துமஸுக்கு ஒரு கைவேலைப் பரிசு

கிறிஸ்துமஸ் வாரத்தில் நண்பர் வீட்டுக்குக் கேக் வாங்கிச் செல்வது சென்னையில் எல்லோரும் செய்வதுதான். அதனுடன் சாந்தோம் பேராலயத்தின் சிறு அட்டை உருவம் ஒன்றையும், அதன் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் தெரியும்படி செய்து கொண்டுபோனால், அந்த வீட்டுக் குடிலுக்குப் பக்கத்திலேயே அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். வெட்டுவதற்கு இரண்டு மாலை, ஒட்டுவதற்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என நான்கு மாலைகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இத்தகைய உருவம் செய்பவர்களில் பலர் சுவரிலிருந்து தொடங்கி, விளக்கைக் கடைசியில் எப்படியாவது உள்ளே நுழைத்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். கூரையையும் அடிப்பாகத்தையும் ஒட்டி முடித்துவிட்டதால் பேட்டரியை மாற்ற வழியில்லாமல் போய், பொங்கலுக்குள் அணைந்துவிட்ட கோயிலைக் கத்தியால் பிளக்க வேண்டியதாயிற்று. ஆகவே விளக்கு எங்கே நிற்கும், பேட்டரியை எந்த வழியாக எடுப்பது என்ற இரண்டையும் தீர்மானித்த பிறகே அட்டையில் கோடு போட வேண்டும். இங்கே சொல்லப்போகும் முறையில் விளக்கும் பேட்டரியும் அடிப்பலகையிலேயே நிற்கும்; கட்டடம் அவற்றின்மேல் ஒரு மூடியைப்போல் கவிழும்.

சுவருக்கு 2 மி.மீ. தடிமனுள்ள கிரே போர்டு என்ற சாம்பல் நிறக் கெட்டி அட்டை ஏற்றது. அதுவும், மேலே ஒட்ட வெள்ளைச் சார்ட் தாளும், ஜன்னலுக்கான டிரேசிங் தாளும் பாரிமுனையருகே காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். வீட்டுக்குப் பொருள் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அதன் வெட்டுவாயில் அலை அலையான உள்தாள் தெரிவதால் அது அடிப்பலகைக்கு மட்டுமே உதவும். விளக்குச் சாமான்களுக்கு ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஐந்து, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஐந்து, மூன்று ஏஏ பேட்டரிகள் அடங்கும் கூடு, ஒரு சிறு சுவிட்சு, கொஞ்சம் மெல்லிய ஒயர் ஆகியவை போதும்.

சாந்தோமை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வெள்ளை நிறமும் நெடிய கூர்முனை ஜன்னல்களும்தான். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் இருந்த இடத்தில், இன்றுள்ள கட்டடம் 1890-களில் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. கோபுரத்தின் உயரம் 155 அடி, அதாவது ஏறத்தாழ 47 மீட்டர். இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 23.6 செ.மீ. வருகிறது. கோபுரத்தை மட்டும் இந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு, மற்ற அளவுகளைக் கைக்கு அடக்கமாக அமைத்திருக்கிறேன். எளிமைக்காகக் கோபுரத்தை முன்சுவரோடு ஒட்டி நிறுத்துகிறேன். உள்ளது உள்ளபடி வேண்டுவோர் புகைப்படத்தைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நீளச் சுவர்கள் இரண்டும் 20 செ.மீ. நீளமும் 8 செ.மீ. உயரமும் கொண்டவை. முன், பின் சுவர்களின் அகலம் 8.6 செ.மீ.; 8 செ.மீ. உயரத்துக்கு மேல் 4.3 செ.மீ. முக்கோணம் சேர்த்து வெட்ட வேண்டும். வெளியளவு 9 செ.மீ. வர வேண்டும் என்பதால் இரு பக்க அட்டைத் தடிமனான 4 மி.மீட்டரை இங்கே கழித்திருக்கிறேன். இதை மறப்பவர்களுக்குத்தான் மூலைகள் ஒட்டாமல் வாய் பிளக்கும். கோபுரமும் அவ்வாறே: இரண்டு சுவர்கள் 5 செ.மீ., இரண்டு சுவர்கள் 4.6 செ.மீ., உயரம் 12. அதன்மேல் வரும் கூர்முனைக்கு நான்கு முக்கோணங்கள் தேவை. அவை உள்நோக்கிச் சாய்ந்து நிற்பதால், 11.6 செ.மீ. உயரம் வேண்டுமானால் முக்கோணத்தை 11.9 செ.மீட்டராக வெட்ட வேண்டும்.

ஜன்னலில் அவசரம் கூடாது. ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலம், உச்சிவரை 4 செ.மீ. உயரம், இரு ஓரத்திலும் 2 செ.மீ. விட்டு, இடையிலும் 2 செ.மீ. விட்டால் நீளச் சுவரில் ஆறு ஜன்னல்கள் சரியாக அமையும். கூர்முனை வளைவுக்குக் காம்பஸை 1 செ.மீ. விரித்து, வளைவு தொடங்கும் இரு புள்ளிகளிலும் மாறிமாறி ஊன்றி இரண்டு வில் வரைந்தால், அவை சந்திக்கும் இடமே உச்சி. புது முனை ஒடித்த கட்டரால் முதலில் வளைவையும் பிறகு நேர்கோடுகளையும், ஒரே அழுத்தில் அல்லாமல் ஐந்தாறு மெல்லிய கீறலாக வெட்டுங்கள். நேர்கோட்டுக்கு ஸ்டீல் ஸ்கேல்தான் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பைக் கத்தி சீவிவிடும், விரலும் தப்பாது.

சுவர்களுக்குச் சார்ட் தாள் ஒட்டுவதையும் வெள்ளை பூசுவதையும் அவை தட்டையாக இருக்கும்போதே, இரு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அட்டை வளையும். மழை முழுதும் விலகாத மார்கழிக் காற்றில் அந்த வளைவு எளிதில் நிமிராது. ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். மைதாப் பசை வேண்டாம். கரப்பான் அதைத் தேடி வரும். காய்ந்த பிறகு ஜன்னல்களின் உள்பக்கம் டிரேசிங் தாளை ஒட்டி, பிறகு மூலைகளைச் சேர்த்து, ஒவ்வொரு மூலையிலும் உள்ளே கருப்புத் தாள் பட்டை ஒட்டினால் வெளிச்சம் இடுக்கு வழியே கசியாது. கூரைக்கு 21 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் இரண்டு கிரே போர்டு துண்டுகள். அவற்றின் அடிப்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். கூர்முனையைத் தடித்த சார்ட் தாளில் செய்தால், அது முழுவதும் காகித விளக்கைப்போல் ஒளிரும். அது பிடிக்காவிட்டால் உள்ளே சமையலறை அலுமினியத் தாளை ஒட்டிவிடுங்கள்.

இனி விளக்கு. மூன்று பேட்டரிகள் சேர்ந்து 4.5 வோல்ட் தரும்; வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். மிச்சத்தை 100 ஓம் ரெசிஸ்டர் தாங்கிக்கொள்வதால் 15 மில்லி ஆம்பியர் ஓடும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் வைத்து ஐந்தையும் இணையாகச் சேர்த்தால், நல்ல அல்கலைன் பேட்டரி, சற்று மங்கிக்கொண்டே வந்தாலும், ஏறக்குறைய 20 மணி நேரம் எரியும். எல்.இ.டி.யின் தலையை உப்புத்தாளில் தேய்த்துப் பனித்தாற்போல் ஆக்கி, ஜன்னலைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது கண்ணில் குத்தும் புள்ளியாக இல்லாமல், வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லா ஜன்னலிலும் ஒரே சீராக வரும். நான்கு எல்.இ.டி.களை அடிப்பலகை நடுவில் ஓர் அட்டைத் துண்டிலும், ஐந்தாவதைக் கோபுரத்துக்குள் காகித ஸ்டிராவிலும் பொருத்தி, திறந்த கம்பிகளுக்கெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் தெரியாதவர்கள் பேட்டரிப் பெட்டியுடன் வரும் செம்புக் கம்பி விளக்குச் சரத்தைப் பயன்படுத்தலாம். வீட்டு மின்சாரத்தில் செருகும் சீரியல் செட்டையோ மெழுகுவர்த்தியையோ அட்டைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, அவர்கள் விழுங்கிவிடக்கூடிய பொத்தான் பேட்டரியும் ஆகாது.

கூரையை ஒட்டுவதற்கு முன், அறையை இருட்டாக்கிவிட்டு அதை மேலே சும்மா வைத்து ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். கசிவு எதுவும் பகலில் தெரியாது. அடிப்பலகையில், கட்டடத்தின் உள்ளளவுக்கு அரை மில்லிமீட்டர் குறைவாக ஓர் அட்டைச் சட்டம் ஒட்டினால் கட்டடம் அதில் நழுவாமல் உட்காரும், தூக்கினால் கழன்றும் வரும். கொடுக்கும் நாளில் பேட்டரிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகி, அதன் நுனி வெளியே நீட்டியிருக்கும்படி விடுங்கள். ஆட்டோ குலுங்கலில் சுவிட்சு தானாக நகர்ந்தாலும் விளக்கு வீணாக எரியாது. பெறுபவர் அந்த நுனியை இழுத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினால் போதும்.