சிகாகோ நூலகப் பெட்டிகளைத் திறக்க ஒரு நல்கை: விண்ணப்பிப்பது எப்படி?

குறுந்தொகைப் பாடல்களை 1967இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜனின் நாட்குறிப்புகள், கடிதங்கள், வரைவுகள் எல்லாம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரெகன்ஸ்டைன் நூலகத்தில், சிறப்புச் சேகரிப்புப் பிரிவில் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் தாள்களும் அங்கேதான். இவற்றைப் பார்க்க ஆசை இருக்கிறது, டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை என்பவர்களுக்காக அந்த நூலகம் குறுகிய கால நல்கை (ஆய்வு உதவித்தொகை) ஒன்றைத் தருகிறது. ராபர்ட் பிளாட்ஸ்மன் நினைவு நல்கை என்று பெயர்.

தகுதியை முதலில் பார்த்துவிடுவோம். சிகாகோவிலிருந்து 100 மைலுக்கு அப்பால் குடியிருக்க வேண்டும். மதுரைக்காரருக்கு இதில் கவலையில்லை! ஆய்வாளர்கள் மட்டுமல்ல, எழுத்தாளர்கள், கலைஞர்களும் கேட்கலாம். புதிதாக ஆய்வில் இறங்கியவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

அடுத்து, விண்ணப்பப் படிவத்தைத் திறக்காதீர்கள். பெட்டிப் பட்டியலைத் திறங்கள். 'ஃபைண்டிங் எய்ட்' என்பார்கள். எந்தப் பெட்டியில் எந்த ஃபோல்டர், அதில் என்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். நூலகத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்து, வேண்டிய ஃபோல்டர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டி வைத்தவை எவை என்றும் பாருங்கள். பேராசிரியர்களின் தாள்களில் மாணவர் மதிப்பீடு, பரிந்துரைக் கடிதம் போன்றவை வெகுகாலம் யாருக்கும் திறக்கப்படாது. சந்தேகம் இருந்தால் நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கூச்சமே வேண்டாம், பதில் சொல்வது அவர்கள் வேலை.

இப்போது திட்டவரைவு. பலர் சறுக்குவது இங்கேதான்; நானும் சறுக்கியிருக்கிறேன். வேறொரு நூலகத்துக்கு நான் முதலில் அனுப்பியதில் என் தலைப்பின் பெருமை மூன்று பக்கம் இருந்தது, அவர்களுடைய பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திரும்பி வந்துவிட்டது. படிப்பவர் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வேலையை ஊரிலிருந்தே செய்ய முடியாதா?

'ராமானுஜனின் மொழிபெயர்ப்புக் கலையை ஆராய விரும்புகிறேன்' என்றால் அச்சில் வந்த புத்தகமே போதுமே என்று தோன்றும். அதையே இப்படிக் கேளுங்கள்: குறுந்தொகை 40இல் வரும் 'செம்புலப் பெயல்நீர்' அவர் ஆங்கிலத்தில் செம்மண், கொட்டும் மழை என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார், எதை எழுதி எதை அடித்தார்? அதற்குப் பயன்படும் வரைவுகள் பட்டியலில் கண்ணில் பட்டால், பெட்டி எண், ஃபோல்டர் எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை நாள் ஆகும் என்றும் சொல்லுங்கள். கையெழுத்து புரியச் சில நாள் பிடிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

செலவுக் கணக்கில் விமானம், தங்குமிடம், சாப்பாடு, படியெடுக்கும் கட்டணம் இருந்தால் போதும். பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். உங்கள் திட்டவரைவையும் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் 'நல்ல பிள்ளை' என்று மட்டும் எழுதிவிடுவார். கெடு தேதியை நூலகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்கை கிடைத்ததும் முதல் வேலை விசா. எந்த வகை, என்ன அழைப்புக் கடிதம் என்பதை நூலகத்திடமே கேளுங்கள்.

அப்புறம், வாசிப்பறை. பையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர், தாள்களின் வரிசை கலையக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முதல் படமாக அதன் தலைப்புச் சீட்டை எடுங்கள். ஊர் திரும்பிய பிறகு இரண்டாயிரம் படங்களில் எது எந்தப் பெட்டி என்று தேடி முழித்தவன் சொல்கிறேன்.