9 எம்எம் பிஸ்டலில் வார்த்த ஈயக் குண்டு: குழலில் ஈயம் படியாமல் சுடுவது எப்படி?

நான் இருப்பது டெக்சஸில். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதாக இருந்தால் தேவை. மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் இதை முயல வேண்டாம். பித்தளைக் கூட்டைச் சரிசெய்வது, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைப்பது, வெடிமருந்து அளப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதன்முதலில் நானே வார்த்த குண்டுகளில் 50 சுட்டுவிட்டுக் குழலைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பிக் கிடந்தது. 15 கஜத்தில் இருந்த காகிதத்தில் சில ஓட்டைகள் நீளவாக்கில் விழுந்திருந்தன. குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் "ஈயம் மிருதுவாக இருக்கிறது, கடினமாக்கு" என்றார்கள். லினோடைப் (பழைய அச்சகங்களில் எழுத்து வார்த்த கடினமான ஈயக் கலவை) கலந்து கடினமாக்கினேன். அப்படியும் ஈயம் படிந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு முழுக்கக் குண்டின் விட்டத்தில் இருந்தது. குழலைவிடக் குண்டு துளி சிறிதாக இருந்தாலும் பின்னாலிருந்து வரும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்து, முன்னால் குழலில் பூசிவிடும். செம்பு உறை போட்ட குண்டு இதைத் தாங்கும். வெறும் ஈயம் தாங்காது.

ஆகவே முதல் வேலை குழலை அளப்பது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் குழலைத் தனியே எடுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, குழலைவிடச் சற்றுப் பெரிய தூய ஈயத் தூண்டில் குண்டு ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டி மறுபக்கம் தள்ளுங்கள். மரக்குச்சி வேண்டாம், அது உள்ளேயே பிளந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும். டேப் சுற்றிய பித்தளைக் கம்பிதான் நல்லது. வெளியே வந்த ஈயத்தில் பள்ளங்களின் அச்சு மேடாக விழுந்திருக்கும். அந்த மேட்டுக்கு மேடு அளக்க வேண்டும். இதற்கு மைக்ரோமீட்டர் வாங்குங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தீர்ப்புச் சொல்லும் இடத்தில் காலிப்பரை நான் நம்புவதில்லை. குழலில் ஐந்து பள்ளம் இருந்தால் எதிரெதிரே மேடு அமையாது, சாதாரண மைக்ரோமீட்டரால் அளக்க முடியாது. அப்படியிருந்தால் 0.357 அங்குலக் குண்டில் தொடங்கிச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

9 எம்எம்முக்கு உறை போட்ட குண்டின் விட்டம் 0.355 அங்குலம். வார்த்த குண்டு உங்கள் குழல் அளவைவிட 0.001 முதல் 0.002 வரை கூடுதலாக இருக்க வேண்டும். என் குழல் 0.3555, நான் சுடுவது 0.357.

வார்ப்பதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சு: லீ நிறுவனத்தின் 120 கிரெயின் (குண்டின் எடை), தட்டை மூக்கு, ஆறு குழி. விலை குறைவு, பிஸ்டலில் தடையில்லாமல் ஏறும். உலோகம்: கார் சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் பழைய எடைக்கட்டி போதும். அதிலேயே மூன்று சதவீதத்தை ஒட்டி ஆண்டிமனி இருக்கும், கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சு நன்றாக நிரம்பும். இப்போது வரும் எடைக்கட்டிகளுக்கு நடுவே துத்தநாகக் கட்டிகளும் கலந்திருக்கும். ஈயம் 621 பாரன்ஹீட்டில் உருகும், துத்தநாகம் 787-இல். உருக்கும்போது 700-ஐத் தாண்டாமல் வைத்தால் துத்தநாகக் கட்டி மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

குண்டுக்கு மசகு பூசுவதைவிடப் பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளை ஒட்டவைத்து அடுப்பில் வேகவைக்கும் பூச்சு) தான் என் விருப்பம். புகை குறைவு, ஈயம் கையிலும் படாது. அடுப்பில் 400 பாரன்ஹீட்டில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். அந்த அடுப்பில் அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் சாப்பாடு வைக்கக்கூடாது. ஆறியபின் ஒரு குண்டைச் சுத்தியலால் நசுக்கிப் பாருங்கள். பூச்சு உரிந்தால் சரியாக வேகவில்லை. பூச்சால் விட்டம் கூடும், அதனால் பூசிய பிறகே அளவு டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு) தள்ளுங்கள்.

சரி, இப்போது என்னை மாதக்கணக்கில் அலைய வைத்த இடம். 0.357 குண்டு, நல்ல பூச்சு, எல்லாம் சரி. அப்படியும் ஈயம் படிந்தது. ஒருநாள் தயாரித்து முடித்த தோட்டாவிலிருந்து, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரால் தட்டிக் குண்டை வெளியே எடுத்து அளந்தேன். 0.3545! வெளியே 0.357 ஆக இருந்த குண்டைப் பித்தளைக் கூடே நெரித்துச் சுருக்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் 9 எம்எம் கூட்டின் அமைப்பு. வாயிலிருந்து அடிப்பக்கம் போகப்போகச் சுவர் தடிமனாகும். சாதாரண டை செட்டில் வரும் விரிப்பான் உறை போட்ட குண்டுக்காகச் செய்தது, வாயை மட்டும் லேசாக விரிக்கும். ஈயக் குண்டு ஆழமாக இறங்கும்போது அதன் அடிப்பகுதி தடித்த சுவரில் சிக்கிச் சுருங்கிவிடும். லைமனின் எம் டை, அல்லது என்ஓஇ நிறுவனத்தின் பெரிய அளவு விரிப்பான் போட்டால் கூடு உள்ளே ஆழம் வரை விரியும். இன்னொரு குற்றவாளி, கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் லீ ஃபேக்டரி கிரிம்ப் டை. அதற்குள் இருக்கும் கார்பைட் வளையம் முடித்த தோட்டாவை மறுபடி பிழிகிறது. உறை போட்ட குண்டுக்கு அருமையான டை, ஈயத்துக்கு வேண்டாம். சாதாரண டேப்பர் கிரிம்ப் போதும். விரித்த வாயை நேராக்கினால் முடிந்தது வேலை. கூட்டின் வாயில் வெளிவிட்டம் அளந்தால் 0.378 முதல் 0.380 அங்குலம் வரை இருக்கட்டும். இந்தத் தோட்டா சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா அமரும் அறை) கூட்டின் வாய் விளிம்பில்தான் நிற்கிறது, ரோல் கிரிம்ப் போட்டு விளிம்பை மடக்கிவிடாதீர்கள்.

புது டை மாற்றினாலும் சரி, புது வகைக் கூடு எடுத்தாலும் சரி, மருந்தும் ப்ரைமரும் இல்லாத ஒரு போலித் தோட்டா செய்து, குண்டைப் பிடுங்கி அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதை மட்டும் யாராவது முதலில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கோடைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து நீளம். கழற்றிய குழலின் சேம்பரில் போலித் தோட்டாவைப் போடுங்கள். 'டங்' என்று விழ வேண்டும், விரலால் திருப்பினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும். சுற்றவில்லை என்றால் குண்டின் தோள் வரிப்பள்ளத்தில் முட்டுகிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்குங்கள். சிஇசட் பிஸ்டல்களில் இது அடிக்கடி வரும். ஆனால் 9 எம்எம் கூட்டுக்குள் இடம் மிகக் குறைவு. குண்டு ஆழமாக இறங்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் ஈயக் குண்டுக்கென்று அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே மருந்தைத் தொடங்குங்கள். நான் மருந்து அளவு எதுவும் இங்கே தரமாட்டேன், இணையத்தில் யார் தந்தாலும் எடுக்காதீர்கள்.

பத்து சுட்டதும் நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழலைப் பாருங்கள். சேம்பர் பக்கம் ஈயம் படிந்தால் விட்டம் பற்றாது. குண்டு வெளியேறும் முன்பக்கம் மட்டும் படிந்தால் மசகோ பூச்சோ பற்றவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். படிந்ததை எடுக்கப் பழைய பிரஷ்ஷில் சோர் பாய் என்ற பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைச் சுற்றித் தேயுங்கள். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, குழலைக் கீறும். உறை போட்ட குண்டு இரண்டு சுட்டால் ஈயம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஈயம் அடைத்த குழலில் அழுத்தம் கூடும், அதைச் செய்யாதீர்கள்.

ஈயம் உருக்கும் இந்த வெப்பத்தில் ஈய ஆவியைவிடத் தூசிதான் பெரிய ஆபத்து. கசடு, சுட்ட கூட்டில் ஒட்டியிருக்கும் ப்ரைமர் கரி, சுட்ட கூடுகளைச் சுழற்றித் துலக்கும் உலர் டம்ளர் இயந்திரத்தில் பறக்கும் தூள் இவைதான் உடம்புக்குள் போகும். வேலை முடிந்ததும் சட்டையைத் தனியே துவையுங்கள், கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்கிறேன்.

பின்சேர்க்கை 1: க்ளாக் பிஸ்டலில் ஈயக் குண்டு சுடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதன் குழலில் வழக்கமான வெட்டுப் பள்ளங்களுக்குப் பதில் பலகோண வடிவம் இருக்கும். உறையில்லாத ஈயம் வேண்டாம் என்று தயாரிப்பாளரே கையேட்டில் சொல்கிறார். நான் வழக்கமான பள்ளம் உள்ள வேறு குழல் வாங்கி மாட்டித்தான் சுடுகிறேன்.

பின்சேர்க்கை 2: எல்லாம் செய்தும் பத்தில் ஒன்று மட்டும் சேம்பரில் ஏறவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பொறுக்கிய கூடுகளை வெட்டிப் பார்க்கச் சொன்னேன். சில கூடுகளுக்குள் படி மாதிரி ஒரு விளிம்பு இருந்தது. குண்டின் அடி அதில் முட்டி, கூடு வெளியே புடைத்திருக்கிறது. இந்தக் கூடுகளை எந்த விரிப்பானும் சரிசெய்யாது. டார்ச் அடித்து உள்ளே பார்த்து, படி தெரிந்தால் பழைய சாமான் கடைக்குப் போகும் பித்தளையோடு போட்டுவிடுங்கள்.