பாலைவனத் தக்காளியை மதுரை மொட்டை மாடியில் படிப்பது எப்படி?

பாலைவனத்தில் தக்காளி வளருமா? சிலி நாட்டின் வடகோடியில் அரிக்கா என்று ஓர் ஊர். ஆண்டுச் சராசரி மழை 1 மி.மீ.கூடத் தேறாது. அந்த வட்டாரத்துக் காய்ந்த ஆற்றுப் படுகைகளில் சொலானம் சிலென்சே என்ற காட்டுத் தக்காளி மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. மதுரையில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தும் நம் மாடித் தக்காளி சித்திரை வெயிலில் மதியமே தலை தொங்கிவிடும்.

இன்னொன்று பெரு நாட்டுச் சொலானம் பென்னெல்லி. ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில், கடற்கரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் வளர்வது. இந்த இரண்டின் உடலமைப்பையும் கைக்கெட்டும் செடிகளை வைத்தே படிப்பதுதான் இந்தச் செய்முறை. அவற்றின் விதையை இணையத்தில் தேடி வாங்க வேண்டாம். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும். கடிதக் கவரில் போட்டு அனுப்பச் சொல்வது சட்டப்படி தப்பு, புது நோய்க்கும் கதவு திறந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

பூ விட்ட தக்காளிச் செடி ஒன்று. நாட்டு ரகமானால் நல்லது. நான் வைத்திருப்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து வந்த ரகம் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைத்தொழில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நிறமில்லாத நகப்பூச்சு, செலோடேப், பிளேடு, கறுப்பு அட்டை, பழைய 20 லிட்டர் தண்ணீர் கேன். இலைத்துளையை (இலை காற்று வாங்கும் நுண்ணிய வாசல்) பார்க்க மட்டும் நுண்ணோக்கி வேண்டும்; காகிதத்தில் மடிக்கும் ஃபோல்டுஸ்கோப்பே போதும்.

முதல் படி: சொந்தக்காரர்களைக் கூட்டி வாருங்கள்

கண்மாய்க் கரையில் முள்ளோடு படர்ந்திருக்கும் கண்டங்கத்திரி, வேலியோரத் தூதுவளை, தொட்டியில் தானாக முளைத்த மிளகுதக்காளி (மணத்தக்காளி என்றாலும் இதுதான்). இவற்றில் ஏதாவது இரண்டின் பூவைப் பறித்து, தக்காளிப் பூவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து இதழ், நடுவே கூம்பாகக் கூடி நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகள். எல்லாம் சொலானம் என்ற ஒரே பேரினம்.

தக்காளியை இந்த வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் வைத்த காலமும் உண்டு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சொலானத்தில் சேர்த்தார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் லைக்கோபெர்சிகான் என்று தனிப் பேரினமாக்கினார். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபின், 1990களில், மறுபடி பழைய வீட்டுக்கே வந்துவிட்டது. பழைய புத்தகத்தில் லைக்கோபெர்சிகான் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: பூவை நெடுக்காக வகிருங்கள்

காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு பறித்த பூவாக இருக்கட்டும். முதலில் தக்காளி. மகரந்தப்பைகள் நுண்ணிய மயிர்களால் பின்னிக்கொண்டு ஒரே குழாயாக இருக்கும். குழாயின் நுனி மெலிந்து நீண்டிருக்கிறதே, அந்தப் பகுதியில் மகரந்தம் கிடையாது, மலட்டு நுனி. பைகள் உள்பக்கம் நெடுக வெடித்துத் தூளைக் குழாய்க்குள் கொட்டும்.

இப்போது கண்டங்கத்திரி. மலட்டு நுனியே இல்லை. ஒவ்வொரு பையின் உச்சியிலும் ஊசி குத்தினாற்போல் துளை. உப்புக் குப்பி மாதிரி அதன் வழியாகத்தான் தூள் வரும்.

பென்னெல்லியின் விசேஷம் இங்கேதான். அது தக்காளிக் கூட்டத்துச் செடி, ஆனால் மகரந்தப்பை கண்டங்கத்திரி வகை: மலட்டு நுனி கிடையாது, உச்சியில் துளை. அதனால்தான் 1958இல் தாவரவியலாளர் கோரெல் இதற்குப் பெயர் சூட்டியபோது, தக்காளி தனிப் பேரினமாக இருந்த அந்தக் காலத்திலும், இதைச் சொலானத்தில் வைத்தார்.

பூவைக் கறுப்பு அட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மின்சாரப் பல்துலக்கியின் முதுகால் காம்பைத் தொடுங்கள். மஞ்சள் தூள் கொட்டும். தோட்டத்தில் இந்த வேலையைச் செய்வது நீலப் பட்டைத் தேனீயும் கருவண்டும். பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

சூலகமுடி (மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நுனி) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நம் தக்காளியில் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே பதுங்கியிருக்கும். தன் தூளிலேயே காய்த்துவிடும். சிலென்சேயில் குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தன் மகரந்தத்தையும் ஏற்காது. ஒற்றைச் செடியை வைத்தால் பூத்துக்கொண்டே இருக்கும், காய் பிடிக்காது. நான் பூ பூவாக வகிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த அத்தை, "ஏம்ப்பா, அத்தனையும் காயாகுற பூவுடா, இப்படிப் பிச்சுப் போடுறியே" என்றார். மூன்று பூ போதும்.

மூன்றாம் படி: தண்டைத் தடவுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி. தண்டையும் இலைக்காம்பையும் இரண்டு நிமிடம் விரலால் உருவுங்கள். விரல் பச்சை கலந்த மஞ்சளாகும், பிசுபிசுக்கும், சோப்புப் போட்டால் நுரையும் மஞ்சளாகும். தக்காளி வாசம் என்று நாம் சொல்வது பழத்தைவிடத் தண்டில் மயிர்போல் நிற்கும் தூவிகளில்தான் தூக்கல்.

லூப்பில் பாருங்கள். நீளமான வெறும் மயிர்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே குட்டையாக, உச்சியில் உருண்டை வைத்த சுரப்பித் தூவிகள் இருக்கும். செலோடேப்பை மெல்ல ஒட்டி எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் இன்னும் தெளிவு.

பென்னெல்லியில் இந்தச் சுரப்பிகள் வேறு சரக்கு காய்ச்சுகின்றன. சர்க்கரையோடு கொழுப்பு அமிலம் சேர்ந்த ஒரு பசை. அசைல் சர்க்கரை என்பார்கள். நன்றாகச் சுரக்கும் செடிகளில் காய்ந்த இலை எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் இந்தப் பசையே இருக்கும். அதில் உட்காரும் அசுவினியும் வெள்ளை ஈயும் நகர முடியாது, தின்னவும் பிடிக்காது.

நமக்கு இதில் என்ன? உசிலம்பட்டியிலோ ஒட்டன்சத்திரத்திலோ தக்காளி போடுகிறவரிடம் என்ன தொல்லை என்று கேளுங்கள், இலைச்சுருட்டை நோய் என்பார். அதைத் தரும் வைரஸைச் செடிக்குச் செடி சுமப்பது வெள்ளை ஈதான். ஈயை ஒட்டிப் பிடிக்கும் பசை ஒரு வழி என்றால், வைரஸையே தாங்குவது இன்னொரு வழி. தக்காளி வளர்ப்பில் டை-1 என்று பேர்பெற்ற எதிர்ப்பு மரபணு, பாலைவனச் சிலென்சேயிலிருந்து எடுத்துச் சேர்த்தது.

நான்காம் படி: இலைத்துளையை எண்ணுங்கள்

முதிர்ந்த இலையின் மேல்பக்கம் ஒரு பொட்டு, அடிப்பக்கம் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். முதல் மூன்று தடவை எனக்குக் கிழிந்து போனது, தூவிதான் காரணம். இலையை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு, நரம்புக்கு நடுவே பூசினால் வரும். உதடு போன்ற இரண்டு செல்களுக்கு நடுவே இருப்பதுதான் துளை.

தக்காளியில் அடிப்பக்கம் நிறைய, மேல்பக்கம் குறைவு. பென்னெல்லியில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். இலையும் தடிப்பு. தடித்த இலையின் நடுவில் இருக்கும் செல்லுக்குக் காற்று இரண்டு வாசல் வழியாகவும் கிடைக்கிறது. செலவாகும் தண்ணீருக்கு அது கட்டும் உடல் எடையும் நம் தக்காளியைவிட அதிகம்.

ஐந்தாம் படி: வேர்

வறட்சியைத் தாங்கும் செடி என்றாலே வேர் ஆழமாகத்தான் போகும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சிலென்சேக்கு அது சரி. ஆற்றுப் படுகையில் மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் இருக்கும் ஈரத்தைத் தேடிப் போகும். கோடையில் வைகை மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிற கதைதான். பென்னெல்லியின் வேரோ சொற்பம். அது சம்பாத்தியத்தைக் கூட்டாமல் செலவைச் சுருக்கும் குடும்பம். இரண்டும் தக்காளிதான், இரண்டும் வறண்ட நிலம்தான், பிழைப்பு மட்டும் நேரெதிர்.

கேனின் கழுத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் நிரப்புங்கள். கேனின் பக்கச் சுவரோரமாக நேரடியாக மூன்று விதை. கேனை அந்தச் சுவர் கீழே வருமாறு சற்றுச் சாய்த்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி சுற்றுங்கள். வேர் சுவரை ஒட்டியே இறங்கும், வாரம் ஒருமுறை துணியை விலக்கி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடலாம். பக்கத்தில் நாற்றுப் பிடுங்கி நட்ட செடி ஒன்று இருந்தால், காய்ப்பு ஓய்ந்ததும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணை அலசுங்கள். பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்து, பக்க வேர்களே பரவியிருப்பது தெரியும்.

ஆறாம் படி: காயும் விதையும்

பி.கே.எம். 1 காயின் காம்புப் பக்கத்தில் கரும்பச்சைத் தோள் இருக்கும். காட்டுத் தக்காளிகளின் காயிலும் இந்தத் தோள் உண்டு. காய் ஒரே நிறமாகப் பழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்களில் காணாமல் போனது. பென்னெல்லிக் காய் பழுத்தாலும் பச்சையே, சிவப்பேறாது. சிலியின் சொலானம் சிட்டியென்ஸ் இன்னும் ஒரு படி மேலே: பெயருக்கே தாகமெடுத்தது என்று பொருள், காய் முற்றியதும் காகிதம்போல் காய்ந்துவிடும். (கண்டங்கத்திரிக் காயை லூப்பில் பாருங்கள், வாயில் வைக்காதீர்கள்.)

பழுத்த தக்காளியிலிருந்து விதையை வழவழப்போடு எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை உடனே ஈரத்துணியில் வையுங்கள். மறுபாதியைக் கொஞ்சம் தண்ணீரோடு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, அதே மாதிரி வையுங்கள். அந்த வழவழப்பு முளைப்பைத் தடுக்கும் பூட்டு.

காட்டு இனங்களில் பூட்டு இன்னும் கெட்டி. கலாபகஸ் தீவுத் தக்காளி விதை சாதாரணமாக லேசில் முளைக்காது. அங்குள்ள ராட்சத ஆமையின் வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாக முளைத்ததை ஆய்வாளர்கள் சார்லஸ் ரிக்கும் பௌமனும் 1961இல் எழுதினார்கள். ஆமைக்கு எங்கே போவது? ரிக் பணிபுரிந்த கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக விதை வங்கியில், காட்டு விதையைப் பாதி நீர் கலந்த ப்ளீச்சில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவி முளைக்கப் போடுகிறார்கள். நம் தக்காளிக்கு அது தேவையில்லை, டம்ளர் போதும். டம்ளரை மட்டும் அடுக்களையில் வைக்காதீர்கள். இரண்டாம் நாள் வீசும் வாடைக்கு எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழேதான் இடம் கிடைத்தது.