அருங்காட்சியகத்து நீராவி எஞ்சினை ஓட வைத்துக் காப்பது எப்படி

நீராவி எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்திக் காப்பது ஒரு பொறுப்பு. அதை ஓட வைத்துக் காப்பது முற்றிலும் வேறொரு பொறுப்பு. நிற்கும் எஞ்சினுக்குக் கூரையும் வண்ணப்பூச்சும் காவலும் இருந்தால் போதும். ஓடும் எஞ்சினுக்கோ கொதிகலன் கேட்கும் நேரத்தைக் கொடுக்க வேண்டும். விழா நாளும் விருந்தினர் வரும் மணியும் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கை ஏற்க முடியாத நிறுவனம் எஞ்சினை நிற்க விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நிற்கும் எஞ்சினை மீண்டும் ஓட வைக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு 1909-இல் ஓய்வு பெற்ற ஃபேரி குயின், பல இடங்களில் காட்சிப் பொருளாக நின்று, பிறகு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை அதைச் சீர்செய்து தர, 1997-இல் டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதே 1855-ஐச் சேர்ந்த இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற எஞ்சினையும் பெரம்பூரே மீட்டு, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டிக் காட்டியது. ஃபேரி குயினின் கதையில் கசப்பான பகுதியும் இருக்கிறது: 2011-இல் டெல்லியில் நின்றிருந்தபோது அதன் பாகங்கள் பல திருடு போக, எஞ்சின் மறுபடியும் பெரம்பூருக்கு வர வேண்டியதாயிற்று. பித்தளை, செம்புப் பாகங்கள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும் என்பதை நினைவில் வைத்து, ஓட்டம் இல்லாத மாதங்களில் அவற்றைக் கழற்றி, எண்ணிட்டு, பூட்டிய அறையில் வைப்பதை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த எஞ்சினை ஓட்டுவது

கையில் உள்ள எல்லா எஞ்சினையும் ஓட்ட வேண்டியதில்லை. ஓடும் எஞ்சினில் தேய்ந்த பாகங்களை மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் எஞ்சினை முதலில் கட்டியவர்களின் கைவேலை சிறிது குறைகிறது. அதனால்தான் 1829-இல் பிறந்த ஸ்டீவன்சனின் ராக்கெட் எஞ்சினை எவரும் ஓட்டுவதில்லை. 1979-இல் கட்டப்பட்ட அதன் நகலைத்தான் ஓட்டிக் காட்டினார்கள். ஒரே வகையில் பல எஞ்சின்கள் மிஞ்சியிருந்தால், மிகுந்த மூலப் பாகங்களோடு இருப்பதை நிறுத்தி வைத்து, ஏற்கெனவே பலமுறை பழுது பார்க்கப்பட்டதை ஓட்டுவது சரியான தேர்வு. மாற்றிய பாகம் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் படத்தோடு குறியுங்கள். புதிய பாகத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் வையுங்கள்.

கொதிகலனைத் திறந்து பார்த்தல்

வேலையைத் தொடங்கும்போது முதலில் கைவைக்க வேண்டியது கொதிகலனைச் சுற்றியுள்ள வெப்பக் காப்புப் பொதியில்தான். அங்கேதான் முதல் ஆபத்தும் இருக்கிறது. பழைய எஞ்சின்களில் அந்தப் பொதி பெரும்பாலும் கல்நார்தான் (ஆஸ்பெஸ்டாஸ்). அதைச் சோதித்து அறியாமல் உரிக்கக் கூடாது. கல்நார் என்று தெரிந்தால் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும்.

பொதியை எடுத்த பின் தகடுகளின் கனத்தை ஒலியலைக் கருவியால் கட்டம் கட்டமாக அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். நெருப்பறையின் உள்தகட்டையும் கொதிகலனின் வெளித்தகட்டையும் இறுக்கிப் பிடித்திருப்பவை ஸ்டே எனப்படும் நூற்றுக்கணக்கான தண்டுகள். நெருப்பு மூட்டும்போது உள்தகடு முந்தி விரியும், வெளித்தகடு பின்தங்கும். இந்த இழுபறியை ஒவ்வொரு முறையும் தாங்குபவை இந்தத் தண்டுகளே என்பதால், காலப்போக்கில் அவை வெளித்தகட்டை ஒட்டிய இடத்தில் விரிசல் விடுகின்றன. பல எஞ்சின்களில் ஒவ்வொரு ஸ்டேயின் நடுவிலும் வெளியிலிருந்து மெல்லிய துளை ஒன்று இட்டிருப்பார்கள். தண்டு உள்ளே முறிந்தால் அந்தத் துளை வழியே ஒரு துளி நீரோ, இழை போன்ற ஆவியோ கசிந்து, கண்ணுக்குத் தெரியாத முறிவைக் காட்டிக்கொடுக்கும். கசிகிறதே என்று அந்தத் துளையை அடைப்பதும், வண்ணம் பூசி மூடுவதும் மன்னிக்க முடியாத தவறுகள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இன்றுவரை பயனுள்ள சோதனைதான். நல்ல தண்டு கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாகப் பேசும்.

குறைகளைச் சரிசெய்தபின், வேலை அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் குளிர்நீர் நிரப்பிச் சோதித்து, அதன் பிறகே ஆவி ஏற்றிச் சோதிக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதை நாட்டின் சட்டமும் கொதிகலன் ஆய்வாளரும் சொல்வார்கள். காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது. நீர் நிறைந்த கொதிகலன் விட்டுப்போனால் ஒழுகும்; காற்று நிறைந்தது வெடிக்கும்.

தண்ணீர்

எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் நெருப்பல்ல, தண்ணீர். கடின நீரின் உப்பு தகட்டில் படிந்து வெப்பத்தைத் தடுக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜன் தகட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. எனவே நீரை மென்மையாக்கி, காரத்தன்மை குறையாமல் மருந்து சேர்த்து, ஓட்ட நாள்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை கழுவுதுளைகளை எல்லாம் திறந்து, வண்டலைக் குழாய்நீரின் வேகத்தால் வெளியேற்ற வேண்டும்.

இதில் அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1995 ஜூனில் நடந்ததைப் படிக்க வேண்டும். கெட்டிஸ்பர்க் பாதையில் சுற்றுலா ரயிலை இழுத்துச் சென்ற 1278 எண் எஞ்சினில் நீர்மட்டம் இறங்கி, நெருப்பறையின் மேல்தகடு காய்ந்து சிவந்து கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயம் அடைந்தனர். நீர்மட்டக் கண்ணாடிக்குச் செல்லும் வழியில் படிவு அடைத்திருந்ததால், கண்ணாடி உண்மையைக் காட்டவில்லை. அதன் பிறகு அந்நாடு விதிகளைத் திருத்தி, 1,472 ஓட்ட நாட்களுக்கு அல்லது 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனை முழுமையாகத் திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கியது.

ஆகவே நெருப்பு மூட்டுவதற்கு முன்பே கொதிகலனில் போதிய நீர் இருப்பதைக் கண்ணாடியில் உறுதிசெய்யுங்கள். ஆவி ஏறியதும், வண்டி நகர்வதற்கு முன், இரண்டு கண்ணாடிகளையும் தனித்தனியே ஊதிப் பார்க்க வேண்டும். நீர்க்குழாயை மூடி வடிகுழாயைத் திறந்தால் ஆவி சீறி வர வேண்டும். அடுத்து ஆவிக்குழாயை மூடி நீர்க்குழாயைத் திறந்தால் நீர் பாய்ந்து வர வேண்டும். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் நீர் துள்ளி எழுந்து தன் மட்டத்தில் நிற்க வேண்டும். சோம்பலாக ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது, அன்று வண்டி புறப்படக் கூடாது. கொதிகலனுக்கு நீர் தள்ளும் இன்ஜெக்டர்கள் இரண்டும் வேலை செய்வதையும் ஷெட்டிலேயே பார்த்துவிடுங்கள். மேல்தகட்டில் உள்ள லெட் பிளக், நீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் கடைசிக் காவல் மட்டுமே. அதை நம்பி ஓட்டுவது கூடாது.

நெருப்பு மூட்டுதலும் ஓட்டமும்

குளிர்ந்த பெரிய எஞ்சினுக்கு முந்தைய நாளே சிறு விறகு நெருப்பு போட வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆவி ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஸ்டேக்களும் குழாய் முனைகளும் அதற்கு விலை கொடுக்கும். முதல் சில மணி நேரம் வெளித்தகட்டில் கைவைத்தால் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். கீழ்ப்பகுதியும் இளஞ்சூடு ஆகும்வரை நெருப்பைப் பெருக்கக் கூடாது.

அந்த நேரத்தை எண்ணெய் இடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எண்ணெய்க் கிண்ணங்களில் உள்ள கம்பளித் திரிகளை எடுத்துப் பார்த்து, கருகியும் இறுகியும் போனவற்றை மாற்றுங்கள். சிலிண்டருக்குரிய கெட்டியான எண்ணெயும் தாங்கிகளுக்குரிய எண்ணெயும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அச்சுப்பெட்டிகள் சூடேறியிருக்கின்றனவா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம், அதைக் கைவிடாதீர்கள்.

புறப்படும்போது சிலிண்டரின் வடிகுழாய்கள் திறந்திருக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் ஆவி நீராக மாறித் தேங்கும். நீரை அழுத்த முடியாது என்பதால், பிஸ்டன் அதை மோதினால் சிலிண்டர் மூடியே உடையும். நிலக்கரியைச் சிறுகச் சிறுக, அடிக்கடி போட வேண்டும். புகைப்படக்காரர்கள் கேட்கிறார்கள் என்று கரும்புகை விடுவது வீண்செலவு. அந்தக் கரி குழாய்களில்தான் படியும்.

இந்தக் கைப்பழக்கம் ஏட்டில் மட்டும் வாழாது. இந்தியாவின் அகல ரயில் பாதையில் நீராவி 1995-இல் முடிந்தது. அதை ஓட்டியவர்களில் இளையவருக்கே இன்று தலை நரைத்திருக்கும். அவர்களை அழைத்து, ஒவ்வொரு அசைவையும் காணொளியில் பதிந்து, இளைஞர் ஒருவரை அருகில் நிறுத்திக் கற்பியுங்கள். நீலகிரி மலை ரயிலின் குன்னூர் ஷெட்டில் இந்த வேலை அறுபடாமல் நடந்து வருகிறது. அதற்குப் புதிய எஞ்சின்களையே பொன்மலைப் பணிமனை கட்டித் தந்திருக்கிறது. கற்க விரும்புவோர் அங்கே போய் நின்று பார்க்கலாம்.

ஓட்டம் முடிந்த பின்

நெருப்பை அணைத்ததும் சூடான கொதிகலனைக் காலிசெய்து குளிர்நீர் ஊற்றக் கூடாது. புகைபோக்கியை மூடி, நெருப்பறைக் கதவைச் சாத்தி, தானாக ஆறவிடுங்கள். சில வாரங்கள் மட்டும் நிற்கப் போகிறது என்றால் மருந்திட்ட நீரைக் கழுத்துவரை நிரப்பி வைக்கலாம். பல மாதம் என்றால் முழுவதும் வடித்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சுண்ணாம்பைத் தட்டுகளில் உள்ளே வைத்து மூட வேண்டும். முன்புறப் புகைப்பெட்டியில் சேர்ந்த சாம்பலை அன்றே வாரிவிடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரம் பட்ட சாம்பல் அடித்தகட்டை வேகமாகத் தின்றுவிடும். கடைசியாக, எஞ்சின் முழுவதும் ஆறியதும் ஒருவர் மேலே ஏறி, புகைபோக்கியின் வாயில் தகர மூடியை வைத்து, காற்றில் பறக்காதபடி கம்பியால் கட்டிவிட்டு இறங்க வேண்டும்.